பின்னால் நடக்கும் மீனம்மாள்

மலைக்கு வழிகாட்டுகிறவள் என்றால் முன்னால் நடப்பவள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மீனம்மாள் பின்னால் நடப்பாள். வந்தவர்கள் அத்தனை பேரையும் முன்னே விட்டு, கடைசி ஆளுக்கும் பத்தடி தள்ளி, கையில் தொரட்டிக் கம்போடு வருவாள். பாதை பிரிகிற இடம் வந்தால் மட்டும், "அந்த உசிலை மரத்துக்கு அங்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்று கடைசி ஆளிடம் சொல்வாள். அவர் தனக்கு முன்னால் இருப்பவரிடம் சொல்வார். சொல் வரிசையில் ஏறி முதல் ஆளைச் சேர்வதற்குள் அவர் சில நேரம் தவறான பக்கம் இருபதடி போயிருப்பார். திரும்பி வருவார். அதற்காக மீனம்மாள் ஒரு நாளும் முன்னால் வந்ததில்லை.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அன்னவாசலிலிருந்து மினிபஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஏழுசுனைப்பட்டியில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. ஆறாவது படிக்க அன்னவாசல் போக வேண்டும். வீட்டில் இருபத்தெட்டு ஆடு இருந்தது. மேய்க்க ஆள் இல்லை. காரணம் அவ்வளவுதான். கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் காவல் இருக்கிறார். பொங்கலுக்கும் சாமி கும்பிடுக்கும் வருவார்.

ஆடு மேய்க்கிறவர்கள் மந்தைக்கு முன்னால் நடப்பதில்லை. முன்னால் நடந்தால் எது நொண்டுகிறது, எது மூச்சு வாங்குகிறது, எது வயிறு ஊதிப்போய் நிற்கிறது என்று தெரியாது. முப்பது வருஷம் அப்படி நடந்து பழகியவளுக்கு, பத்துப் பேர் தன் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவதை நினைத்தாலே கால் பின்னும். பின்னால் வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். அவள் எல்லோரையும் பார்க்கலாம்.

ஊருக்கு வடக்கே இருக்கும் ஏழுசுனைப் பாறைக்கு வெளியாட்கள் வர ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. முதலில் வந்தவர் சார்லஸ். புதுக்கோட்டையில் ஒரு வங்கியில் வேலை, ஐம்பது வயது, சும்மா இருக்க முடியாத மனிதர். தைலமரக் காட்டைத் தாண்டி, முள்காட்டுக்குள் வழி தெரியாமல் நின்றவரை மீனம்மாள்தான் ஆட்டோடு ஆடாக மேலே கொண்டுபோய்விட்டாள். அடுத்த மாதம் அவர் ஆறு பேரோடு வந்தார். பிறகு வனக்காவலரிடம் பேசி அனுமதி வாங்கி, வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் ஆரம்பித்தார். இப்போது மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வந்துவிடுகிறார்கள். மீனம்மாளுக்கும் ஒரு நாள் கூலி கிடைக்கிறது.

மேலே அருவி ஒன்று உண்டு. குற்றாலம் பார்த்தவர்கள் அதை அருவி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தால், உச்சியில் இருக்கும் சுனைகள் ஒன்று நிரம்பி இன்னொன்றில் வழிந்து, கடைசிச் சுனையிலிருந்து இரண்டு பனை உயரத்துக்குப் பாறைமேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். மழை நின்றால் நாலாம் நாள் அதுவும் நின்றுவிடும். ஊரில் அதற்கு வழிஞ்சான் என்று பெயர். அதனால் சனிக்கிழமை காலையில் மீனம்மாள் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். சாயங்காலம் சார்லஸ் போன் பண்ணுவார்.

"அக்கா, தண்ணி விழுதா?"

"விழுது."

"எவ்வளவு விழுது?"

"கொடம் வச்சா எண்ணி இருபதுக்குள்ள ரொம்பும்."

அதற்குமேல் அவளிடம் வார்த்தை வாங்க முடியாது.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வியாழனும் வெள்ளியும் நல்ல மழை. ஒரு வேனில் பதினோரு பேர் வந்திறங்கினார்கள். அதில் சாலா ஆச்சியை எல்லோரும் முதலில் கவனித்தார்கள். திருமயம் பக்கத்து ஊர், இருப்பது சென்னை. உறவுக்காரர் வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர், யாரோ சொல்லக் கேட்டுக் குழுவில் தாமாகவே சேர்ந்துகொண்டார். அறுபத்தோரு வயது. சுடிதார், தொப்பி, வெள்ளை வெளேரென்று புது ஷூ.

"சென்னையில நித்தம் ஆறு கிலோமீட்டர் நடக்கிறேன்" என்றார் இறங்கியதுமே. "என்னையத் தூக்கிட்டு வரணுமோன்னு யாரும் பயப்படாதிய. நான் ஒங்களுக்கு முந்தி ஏறிருவேன்."

"அப்ப எங்களைத் தூக்கிட்டுப் போங்க ஆச்சி" என்றாள் ரூமானா. மீமிசல் பக்கத்துப் பெண். புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஒரு வாரம் இரவுப்பணி பார்த்துவிட்டு, தூங்க வேண்டிய நாளில் மலையேற வந்திருந்தாள்.

முள்காடு முடிந்து பாறை ஆரம்பிக்கிற இடத்தில் கருப்பர் கல் நிற்கிறது. இடுப்பு உயரம், மேலே ஒரு பழைய வேட்டித் துணி. அந்தக் கல்லுக்கு மேலே கருப்பர் எல்லை. யாரும் செருப்போடு நடப்பதில்லை. விறகுக்குப் போகிறவரும் தேனுக்குப் போகிறவரும் ஆட்டைத் தேடிப் போகிறவரும் கல்லடியில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். வெளியாட்களும் முணுமுணுத்ததில்லை; ஈரப்பாறையில் ஷூ வழுக்கும், வெறுங்கால் வழுக்காது என்று முதல் நாளே தெரிந்துகொண்டார்கள். பூசாரி மீனம்மாளின் அண்ணன் பெரியகருப்பன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் விபூதித் தட்டோடு கல்லருகே உட்கார்ந்திருப்பார்.

"எல்லாரும் இங்கின கழட்டிருங்க" என்றார் அன்றைக்கும். "காணாமப் போகாது. கருப்பர் பார்த்துக்குவாரு. அவரு கண் அசந்தா நான் பார்த்துக்குவேன்."

சாலா ஆச்சி ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். மீனம்மாள் வழக்கம்போல் ஒதுங்கி நின்று கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கக் கூச்சம். காலைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆச்சி காலுறையை உருவிய பிறகு, அது கழன்றுவிட்டதா என்று குனிந்து கண்ணால் பார்த்துக்கொண்டார். எழுந்து நின்று சரளைக்கல்லில் நாலடி நடந்தார். மற்ற பத்துப் பேரும் நெளிந்து, உஸ் உஸ் என்று கால் மாற்றி வைத்தார்கள். ஆச்சி வீட்டுக்குள் நடப்பதுபோல நடந்தார்.

மீனம்மாளின் மாமியார் இப்படி நடந்தவர்தான். அடுப்பங்கரையில் தணலை மிதித்துக்கொண்டு நின்றபடியே குழம்பைக் கூட்டிய மனுஷி. கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள்.

இந்த ஆச்சிக்குச் சக்கரை இருக்கிறது என்று மீனம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. கால் மரத்துப் போயிருக்கிறது என்றும் தெரிந்துவிட்டது. இவர் வெறுங்காலோடு ஏறக்கூடாது. ஆனால் எப்படிச் சொல்வது? பதினோரு பேர் நிற்கிறார்கள். அண்ணன் நிற்கிறார், சாமி நிற்கிறது. பெரிய வீட்டு மனுஷி, படித்தவர், தனக்கு இருப்பது தனக்குத் தெரியாமலா இருக்கும்? மீனம்மாள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அதற்குள் ஆச்சி கல்லைக் கும்பிட்டு விபூதி பூசிக்கொண்டு ஏற ஆரம்பித்துவிட்டார். மீனம்மாள் வாயைத் திறக்கவில்லை.

ஏற்றம் ஒன்றரை மணி நேரம். முதல் பாதி ஈரப்பாறை. இடுக்குகளில் காரைமுள்ளும் சப்பாத்திக் கள்ளியும். பிறகு சுனைகள். ஒரு சுனையில் அல்லி பூத்திருந்தது. இன்னொன்றில் ஆட்காட்டிக் குருவி ஒன்று இவர்களைப் பார்த்துக் கத்திவிட்டுப் பறந்தது. வழிஞ்சானில் தண்ணீர் நன்றாகவே இறங்கியது. எல்லோரும் நனைந்தார்கள். சார்லஸ் பாறையில் சறுக்கி விழுந்து, வேண்டுமென்றே விழுந்ததாகச் சொன்னார். சாலா ஆச்சி தண்ணீருக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் ஏறினால் கழுகுப்பாறை. மூன்று பக்கமும் வெறும் வானம். மேகம் கலைந்துவிட்டதால் சித்தன்னவாசல் குன்று தெளிவாகத் தெரிந்தது. தெற்கே தள்ளிக் குடுமியான்மலையும் தெரிந்தது. நடுவில் கண்மாய்கள் எல்லாம் நிரம்பி, வெயிலில் தகரம்போல மின்னின. கருப்பர் கல்லை விட்டால் மலையில் டவர் கிடைக்கிற ஒரே இடமும் அதுதான். எல்லோரும் பாக்குமட்டைத் தட்டுகளில் எலுமிச்சைச் சோறு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்குப் படம் அனுப்பினார்கள். சாலா ஆச்சி அனுப்பவில்லை.

"மகனுக்கு அனுப்பலையா ஆச்சி?" என்றாள் ரூமானா.

"அவன் பார்த்தா திட்டுவான்."

பன்னிரண்டு மணிக்கு இறங்க ஆரம்பித்தார்கள். மழை விட்ட பிறகு அடிக்கிற வெயிலுக்குத் தனிக் குணம் உண்டு; காலையில் இருக்கும் இடம் தெரியாது, உச்சிக்கு வந்தால் சுள்ளென்று இறங்கும். கழுகுப்பாறைக்குக் கீழே நூறு கெசம் மொட்டைப்பாறை. நிழல் கிடையாது. பாறை காய்ந்து சுட ஆரம்பித்திருந்தது. வெறுங்காலோடு இறங்கியவர்கள் குதிக்க ஆரம்பித்தார்கள். சார்லஸ் தவளை மாதிரி தாவினார். ரூமானா சிரித்துக்கொண்டே ஓடிப்போய் ஒரு புதர் நிழலில் நின்றாள். சாலா ஆச்சி மட்டும் கையை வீசிக்கொண்டு, நின்று நிதானமாக இறங்கினார்.

"ஆச்சியைப் பாருங்கப்பா" என்றார் சார்லஸ். "பூக்குழி இறங்குன காலு போல. நமக்குத்தான் மெல்லிசுத் தோலு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சியும் சிரித்தார். மீனம்மாள் சிரிக்கவில்லை. அவள் பாறையைப் பார்த்தாள். ஆச்சி வைத்த அடிகளில், இடது கால் பட்ட இடத்தில் எல்லாம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு ஈரம். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. குனிந்து விரலால் தொட்டாள். ரத்தம்.

"நில்லுங்க."

அந்தக் குரல் யாருடையது என்று முன்னால் போனவர்களுக்கு முதலில் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரும் நடக்காதீங்க. ஆச்சி, நீங்க அப்படியே நில்லுங்க. காலைத் தூக்காதீங்க."

மீனம்மாள் ஓடிப்போய்த் தன் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்து மடித்து ஆச்சியின் காலடியில் போட்டாள். தோளைப் பிடித்து நடத்தி, ரூமானா நின்ற நிழலில் உட்கார வைத்தாள். இடது பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் திருப்பினாள். பெருவிரலுக்குக் கீழே காரைமுள் ஒன்று ஒடிந்து உள்ளே போயிருந்தது. அதைச் சுற்றித் தோல் பிய்ந்திருந்தது. குதிகாலில் சூட்டுக் கொப்புளம் இரண்டு. வலது பாதத்திலும் ஒன்று.

"எப்பக் குத்துச்சு ஆச்சி?" என்றாள் ரூமானா.

"என்ன குத்துச்சு?" என்றார் ஆச்சி. தன் காலை அவரே அப்போதுதான் பார்த்தார்.

ரூமானா வேலையில் இருப்பவளைப்போலக் கேட்டாள். "எத்தனை வருஷமாச் சக்கரை?"

ஆச்சி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "பதினொண்ணு" என்றார். "ரெண்டு வருஷமாக் காலுல ஒண்ணும் தெரியறதில்லை. மகன்கிட்டச் சொல்லலை. சொன்னா வீட்டைவிட்டு வெளிய விடமாட்டான். நடக்கிறது ஒண்ணுதான் எனக்கு இருக்கு."

"ஷூவக் கழட்டலாமா நீங்க?"

"சாமி எல்லையில செருப்போட நடக்கச் சொல்றியா?"

ரூமானா குடிக்கிற தண்ணீரால் காயத்தைக் கழுவினாள். முள்ளைப் பிடுங்கவில்லை; ஆழமாக இருக்கிறது, ஆஸ்பத்திரியில்தான் எடுக்க வேண்டும் என்றாள். தன் பையிலிருந்த சுத்தமான கைத்துண்டைக் கிழித்துக் கட்டினாள். "இனி ஒரு அடிகூட வெறுங்கால் படக்கூடாது. இது புண்ணாச்சுன்னா விரலோட நிக்காது."

கருப்பர் கல் இருப்பது கீழே ஒரு மணி நேரத் தூரத்தில். ஷூ இருப்பதும் அங்கேதான். தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்றால் சுனைக்கரையில் ஒற்றை ஆள் உட்கார்ந்து இறங்குகிற சரிவு இரண்டு இருக்கிறது. மீனம்மாள் திரும்பிக் கழுகுப்பாறைக்கு ஏறினாள். அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்த ஆச்சியோட ஷூ அங்கின கெடக்கும். வெள்ளை. அதை எடுத்துக்கிட்டு மேல வாங்க."

"என்ன பேசுற நீ? வெயில்ல மண்டை கிண்டை காஞ்சுபோச்சா?"

"ஆச்சிக்குச் சக்கரைண்ணே. காலு கிழிஞ்சு கெடக்கு. இதுக்கு மேல வெறுங்கால்ல நடந்தா காலு போயிரும்."

"பூசாரி நானே செருப்பத் தூக்கிக்கிட்டு எல்லைக்குள்ள வரவா? நாளைக்குச் சாமிக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்."

அவள் அண்ணனிடம் அப்படிப் பேசியதில்லை. போன் கட்டாகிவிட்டது. அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியவில்லை.

வராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே இறங்கினாள். சார்லஸின் முதுகுப்பையிலிருந்து மீந்திருந்த பாக்குமட்டைத் தட்டுகள் எட்டிப் பார்த்தன. நாலை வாங்கினாள். தொரட்டி அரிவாளால் விளிம்பைச் சீவி, இரண்டு இரண்டாக அடுக்கி, உள்ளே தன் துண்டை மடித்து வைத்து, ஆச்சியின் பாதத்துக்கு அடியில் கொடுத்தாள். ரூமானா தன் துப்பட்டாவை இரண்டாகக் கிழித்துக் கொடுத்தாள். பாறையில் வழுக்காமலிருக்க, தட்டுக்கு அடியிலும் துணி வரும்படி சுற்றிக் கணுக்காலில் முடிந்தாள். ஆட்டுக்குட்டிக்குக் கால் ஒடிந்தால் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவதும் இதே கட்டுதான்.

"அக்கா, ஒரு சந்தேகம்" என்றார் சார்லஸ். "இது செருப்புக் கணக்குல வருமா, வராதா?"

"சோத்துத் தட்டு செருப்பாகுமா?" என்றாள் மீனம்மாள், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றைக்கு முதன்முதலாக அவள் முன்னால் நடந்தாள். கால் வைக்கிற இடத்தை ஒவ்வொன்றாகத் தொரட்டியால் தட்டிக் காட்டினாள். அதில் மட்டும் ஆச்சி கால் வைத்தார். இரண்டு சரிவிலும் மீனம்மாள் கீழே நின்றுகொண்டு, ஆச்சியின் பாதங்களைத் தன் தோளில் தாங்கி இறக்கினாள். பின்னால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டு வருவது அவள் நினைவுக்கே வரவில்லை.

அல்லிச் சுனையைத் தாண்டியதும் எதிரே பெரியகருப்பன் ஏறி வருவது தெரிந்தது. நீளமான கம்பின் நுனியில் ஒரு உரச்சாக்கைக் கட்டி, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார்.

"போட்டு நடக்கக் கூடாதுன்னுதான் இருக்கு" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "கட்டித் தூக்கிட்டு வரக் கூடாதுன்னு எவனும் சொல்லலை. வெள்ளையா ரெண்டு ஜோடி கெடந்துச்சு. எதுன்னு தெரியலை. ரெண்டும் இருக்கு."

ஒன்று சார்லஸுடையது.

ஆச்சி ஷூவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "எல்லை தாண்டட்டும் பூசாரி. இவ்வளவு தூரம் வந்துட்டேன்."

"போடுங்க ஆத்தா" என்றார் பெரியகருப்பன். "இந்தக் காலை வச்சுக்கிட்டுக் கருப்பர் என்ன பண்ணப் போறாரு? போடுங்க, நான் சொல்றேன்ல."

வலது காலில் ஷூ ஏறியது. இடது காலில் கட்டின்மேல் ஏறவில்லை. ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சோற்றுத் தட்டுமாக ஆச்சி மீதித் தூரம் இறங்கினார். வேன் கிளம்பிப் போன பிறகு பெரியகருப்பன் தங்கையிடம் கேட்டார்.

"ஒனக்கு மொதல்லயே தெரியும்ல? நீ ஒரு எட்டு முன்னால வந்ததை நான் பார்த்தேன்."

"தெரியும்ணே."

அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முள்ளை அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். புண் ஆற ஐந்து வாரம் பிடித்தது. கால் தப்பியது, விரலும் தப்பியது. மார்கழி பாதியில் சாலா ஆச்சி சென்னையிலிருந்து போன் பண்ணினார்.

"மகனுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு வாரம் பேசலை. இப்ப நடக்கப் போனா அவனும் கூட வாரான். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா உட்காரணும்கிறான்" என்று சிரித்தார். பிறகு, "ஒனக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு. ஒங்க அண்ணன் போன்ல சொன்னாரு" என்றார்.

"தெரிஞ்சுச்சு ஆச்சி."

"கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்."

"இருந்தாலும் கேட்டிருக்கணும்" என்றாள் மீனம்மாள்.

ஊரில் பேச்சு எழாமல் இல்லை. செருப்பு எல்லை தாண்டியதைப் பற்றி டீக்கடையில் இரண்டு நாள் பேசினார்கள். பெரியகருப்பன் ஒரு சேவல் அறுத்து, கருப்பர் ஒன்றும் சொல்லவில்லை என்று அறிவித்தார்.

அந்த மார்கழியில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்து, வழிஞ்சான் திரும்ப ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். கல்லடியில் எல்லோரும் குனிந்து செருப்பைக் கழற்றப் போகையில் மீனம்மாள் வரிசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். சேலை முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சக்கரை இருக்கவங்க கழட்ட வேணாம்" என்றாள். "வெட்கப்படாமச் சொல்லுங்க. ஷூவுக்கு மேல துணியச் சுத்தி விடுறேன், பாறையில வழுக்காது. துணி நான் கொண்டாந்திருக்கேன்."

பெரியகருப்பன் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கையையும் பார்க்கவில்லை, கல்லையும் பார்க்கவில்லை. பிறகு ஓரத்தில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது. சார்லஸ்.

"எத்தனை வருஷமா?" என்றாள் மீனம்மாள்.

"நாலு இருக்கும்க்கா. மாத்திரை போடுறேன். யார்ட்டயும் சொல்லிக்கிறதில்லை."

அவள் உட்கார்ந்து அவருடைய ஷூவில் துணியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"அன்னைக்குப் பாறையில அந்தக் குதி குதிச்சீங்க. ஒங்க காலு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இருந்தாலும் போட்டுக்கங்க."

இரண்டு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். எல்லோரும் விபூதி பூசிக்கொண்டு ஏறும்வரை நின்றாள். கடைசி ஆள் பத்தடி போனதும், தொரட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.